கைவிடப்பட்ட மேப்பிள் போன்சாயைத் தேற்றுவது எப்படி

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் போன்சாய் வளர்த்துவந்தார். அவர் காலமாகி ஆறு வருடம் கழித்து வீட்டை விற்கப்போகும் சமயத்தில் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டு, "கொட்டகைக்குப் பின்னால் ஒரு மரம் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். போய்ப் பார்த்தேன். தொட்டியில் நெடுக விரிசல். விரிசல் வழியாக ஒரு வேர் வெளியே வந்து தரைக்குள் இறங்கியிருந்தது. ஒரு முழ உயரத்தில் நிற்க வேண்டிய மரம் என் தோளைத் தொட்டது. உச்சியில் விளக்குமாற்றுக் குச்சிகள் போல நேர்நேராகக் கொப்புகள். கீழ்க்கிளைகளில் பாதி பட்டுப்போயிருந்தன. அடிமரம் மட்டும் என் மணிக்கட்டைவிடப் பருமன். ட்ரைடென்ட் மேப்பிள். இலை மூன்று விரல் விரித்தது போல இருக்கும். சீனாவைச் சேர்ந்த மரம். ஜப்பானியர்கள் போன்சாய்க்கு விரும்பி எடுத்துக்கொண்டது.

அந்த ஒரு மரத்தை வைத்தே இதை எழுதுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில். கீழே வரும் மாதக்கணக்கெல்லாம் இந்த ஊர்க் குளிருக்கானது. உங்கள் ஊரில் வசந்தம் முந்தியோ பிந்தியோ வந்தால் நாள்காட்டியை விட்டுவிட்டு மொட்டைப் பாருங்கள்.

"முருங்கையை ஒடித்து வளர்" என்று கேட்டு வளர்ந்த கை நம்முடையது. (அந்தப் பழமொழியின் மறுபாதி பிள்ளைகளைப் பற்றியது, அது நமக்கு வேண்டாம்.) புதர் மண்டிய மரத்தைக் கண்டதும் கத்தரிக்கோலைத் தேடுவோம். நான் பார்த்த வரையில் கைவிடப்பட்ட மரங்கள் கைவிட்டதால் சாவது குறைவு. யாரோ ஒருவர் ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே வாரத்தில் கிளையை வெட்டி, வேரை வெட்டி, கம்பி சுற்றி, சின்னத் தொட்டியில் அமுக்கி வைத்த பிறகுதான் பல மரங்கள் செத்திருக்கின்றன. எந்த வேலை முதலில், எது அடுத்து, நடுவே எத்தனை மாதம் இடைவெளி என்பதுதான் இதில் பாதித் தொழில்.

கொண்டுவருவதற்கு முன்

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். மே மாதம், மரம் முழுக்க இலை. தரைக்குள் போன வேரை ரம்பத்தால் அறுத்துவிட்டு மரத்தைக் காரில் ஏற்றினேன். ஆறு வருடம் யாரும் தண்ணீர் ஊற்றாத மரத்துக்கு அந்த ஒரு வேர்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் இலைகள் துவண்டு தொங்கின. நிழலுக்கு மாற்றி, காற்றுப் படாமல் வைத்து, காலையும் மாலையும் இலைமேல் தண்ணீர் தெளித்து, உச்சியிலிருந்த இலைகளில் பாதியைக் காம்போடு விட்டு நறுக்கி எடுத்த பிறகு ஒரு மாதத்தில் தேறியது.

வேர் தரையில் இறங்கியிருந்தால் இலை உதிரும் வரை பொறுத்திருந்து எடுங்கள். பொறுக்க முடியாத சூழ்நிலை என்றால், வெளியே போன வேரின் பருமனுக்கு ஏற்ப இலையையும் குறைத்துவிட்டு, நிழலான இடத்தைத் தயார் செய்துவிட்டு, அப்புறம் ரம்பத்தைத் தொடுங்கள்.

உயிர் எங்கே இருக்கிறது

மரம் வந்ததும் எதிலெல்லாம் உயிர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறுகிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சைப் படலம் தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. காய்ந்த பழுப்பு என்றால் அந்த இடம் போய்விட்டது. அடிமரத்தை நோக்கி ஒரு விரல் தள்ளி மறுபடி சுரண்டுங்கள். நுனியில் தொடங்கி உள்நோக்கி வருவதுதான் முறை. குளிர்காலத்தில் மொட்டும் சொல்லும்: உயிருள்ள மொட்டு கெட்டியாக இருக்கும், செத்தது விரலில் பொடியும்.

பட்டுப்போனவற்றை உடனே வெட்டிப் போடலாம். இது ஒன்றுதான் எந்த நாளிலும் செய்யக்கூடிய வெட்டு. வெட்டும்போது உயிருள்ள பட்டை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மேப்பிள்களில் செத்த குச்சிகள் மேல் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பில் கடுகு கடுகாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பவளப்புள்ளிப் பூஞ்சை. செத்த கட்டையில் குடியேறி உயிருள்ள பகுதிக்குள் பரவும் வகை. வெட்டியதைக் குப்பையோடு அனுப்பிவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த வெட்டுக்குப் போங்கள்.

என்ன மரம் என்றே தெரியாவிட்டால் இலை வரும் விதத்தைப் பாருங்கள். ஒரு கணுவில் இரண்டு இலை எதிரெதிராக வந்தால் பெரும்பாலும் மேப்பிள். மாறி மாறி வந்தால் எல்ம், பீச், ஹார்ன்பீம், செல்கோவா இவற்றில் ஒன்றாக இருக்கலாம். இந்த வேறுபாடு பின்னால் வெட்டும்போது தேவைப்படும்.

இன்னொன்று, மரத்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு வரவேற்பறை மேசையில் கொண்டுபோய் வைப்பார்கள். இலையுதிர் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் கட்டாயம். சுமார் 7 டிகிரிக்குக் கீழே பல வாரம் இருந்தால்தான் மொட்டுகள் வசந்தத்தில் ஒழுங்காக விழிக்கும். வெப்பமூட்டிய அறையில் ஓரிரு ஆண்டு தாக்குப்பிடிக்கும், பிறகு காரணம் தெரியாமல் கரையும்.

முதல் கோடை: கத்தரியைப் பூட்டி வையுங்கள்

முதல் கோடை முழுக்க மரத்தை வளரவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நீண்ட தண்டுகளில் இருக்கும் இலைகள்தான் வேருக்குச் சோறு போடுகின்றன. வேர் தேறினால்தான் பின்னால் வரும் வெட்டைத் தாங்கும்.

இந்தக் கோடையில் உங்கள் வேலை தண்ணீர். பல வருடம் மாற்றாத மண் செங்கல் போல இறுகியிருக்கும். மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும், நடுவேர்ப் பகுதி காய்ந்தே கிடக்கும். ஊற்றியவருக்குத் தொட்டி நனைந்த மாதிரிதான் தெரியும். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பித் தொட்டியை விளிம்பு வரை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும் வரை விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். பிறகு வெளியே எடுத்து நன்றாக வடிய விடுங்கள். சாப்ஸ்டிக் குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அடிவரை மெதுவாகக் குத்தி, அந்த ஓட்டைகளில் பொடி நுரைக்கல்லை நிரப்புங்கள். தண்ணீர் இனி உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

அதே குச்சியை அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். மண்ணில் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரக்கறை இருந்தால் காத்திருங்கள், ஏறக்குறைய காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். "தினமும் காலையில் ஒரு குவளை" என்று கணக்கு வைப்பவர்களின் மரங்கள் வேரழுகிப் போகும். அதே சமயம் ஜூலையில் வெயிலும் காற்றும் சேர்ந்து அடிக்கும் நாளில் இரண்டு வேளை ஊற்ற வேண்டியிருக்கும்.

தண்ணீர் இறங்கவே இல்லை, மண்ணிலிருந்து புளித்த நாற்றம் வருகிறது என்றால் கோடையிலேயே ஒரு அவசர வழி உண்டு. வேர்க்கட்டியைக் கலைக்காமல் அப்படியே தூக்கி, அதைவிடப் பெரிய மரப்பெட்டியிலோ குளத்துச் செடிகளுக்கு விற்கும் வலைக்கூடையிலோ வைத்து, சுற்றிலும் அடியிலும் பருவெட்டான நுரைக்கல்லைப் போட்டு நிரப்புங்கள். வேர் வெட்டும் வேலை மார்ச்சுக்கு.

உரம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. கட்டியான கரிம உரம் மாதம் ஒருமுறை போதும். மண் காய்ந்திருக்கும்போது உரம் போடாதீர்கள்.

இலை விளிம்பில் யாரோ டிக்கெட் பரிசோதித்தது போல அரைவட்டக் கடிகள் தெரிந்தால் வைன் வீவில் என்ற கூன்வண்டு வந்திருக்கிறது. வண்டு இலையோடு நிற்கும். அதன் புழு, பாலேடு நிறத்தில் சுருண்டு கிடப்பது, வேரையெல்லாம் தின்று தீர்த்துவிடும். மரம் தொட்டியில் ஆடினால் சந்தேகப்படுங்கள். இந்தப் புழுக்களைத் தின்னும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றும் பொட்டலங்கள் விற்கிறார்கள். மண்ணில் சூடு மிச்சமிருக்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஊற்றினால் நன்றாகக் கேட்கும்.

நவம்பர்: பார்க்கும் மாதம், கொஞ்சம் வெட்டும் மாதம்

இலை உதிர்ந்ததும் மரத்தின் குறை நிறை எல்லாம் வெளியே வரும். டோக்கியோவின் உவெனோவில் 1934 முதல் நடந்துவரும் கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி பிப்ரவரியில்தான் நடக்கிறது. அங்கே இலையுதிர் மரங்களை இலையில்லாமல் வைப்பார்கள். இலை எதையும் மறைத்துவிடும். கிளை எங்கே பிரிகிறது, எப்படி மெலிகிறது, நுனி எவ்வளவு நுணுக்கமாகப் பின்னியிருக்கிறது என்பது மொட்டை மரத்தில்தான் தெரியும். நாம் போய்ச் சேர வேண்டிய இடமும் அந்தக் குளிர்கால உருவம்தான்.

மரத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பின்னால் வெள்ளைத் துணி கட்டி, நான்கு பக்கமும் படம் எடுங்கள். படத்தின் மேல் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். வெட்ட நினைக்கும் கிளையில் நூல் கட்டிவிட்டு ஒரு வாரம் சும்மா இருங்கள். எட்டு நூல் கட்டினால் ஒரு வாரத்தில் மூன்றை அவிழ்த்துவிடுவீர்கள். என் அனுபவம் அது.

ஏன் நவம்பர்? மேப்பிளை ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வெட்டினால் காயத்திலிருந்து சாறு சொட்டும். கனடாவில் பாகு காய்ச்சுவது சர்க்கரை மேப்பிளின் இதே சாற்றைத்தான். சுமார் 40 லிட்டர் சாறு சுண்டினால் 1 லிட்டர் பாகு. அங்கே அது வியாபாரம், தேறிக்கொண்டிருக்கும் குட்டி மரத்துக்கு அது வீண் செலவு. இலை விழுந்த கையோடு வெட்டினால் சொட்டு குறைவு. பெரிய வெட்டுகளை ஜூனுக்கு வைத்துக்கொள்வோம். ஏன் என்பதை அங்கே சொல்கிறேன்.

இப்போது எதை எடுப்பது? விட்டுவிட்ட மரத்தில் நடந்திருப்பது ஒரே கதைதான். மரத்தின் பலம் உச்சிக்கு ஓடும். உச்சி பருத்துக் குடைபோல விரிந்து நிழல் போட, கீழ்க்கிளைகள் வெளிச்சமில்லாமல் மெலிந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். அதனால் வெட்டும் கை எப்போதும் உச்சியில் தாராளமாகவும் கீழே கஞ்சத்தனமாகவும் இருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். கீழ்க்கிளை ஒல்லியாக நீண்டு அசிங்கமாகத் தெரியும், அதை ஒட்ட வெட்டிவிடுவார்கள். உச்சி பார்க்க மரம் மாதிரி இருக்கும், அதை விட்டுவிடுவார்கள். அந்த ஒல்லிக் கீழ்க்கிளையை நுனிகூடக் கிள்ளாமல் இரண்டு வருடம் ஓடவிட்டால்தான் பருக்கும்.

உச்சியில் நேர்குத்தாக நிற்கும் கொப்புகளை எடுங்கள். ஒரே இடத்திலிருந்து மூன்று நான்கு கிளை கிளம்பினால் இரண்டை மட்டும் வையுங்கள். விட்டால் அந்த முடிச்சு வருடா வருடம் வீங்கி, அடிமரம் மேலே போகப் போகப் பருப்பது போலாகிவிடும். மேப்பிளில் இது அடிக்கடி நடக்கும், கிளைகள் எதிரெதிராக ஜோடியாக வருவதால். ஒரு கணுவில் இடது, அடுத்த கணுவில் வலது என்று ஒவ்வொன்றை விட்டுக்கொண்டு போனால் கிளை இயல்பாக வளைந்து வளைந்து போகும். கிளையின் அடிவயிற்றிலிருந்து நேராகக் கீழே தொங்குவது, ஒன்றன்மேல் ஒன்று உரசுவது, அடிமரத்தை நோக்கித் திரும்பி வளர்வது, இவையும் போகட்டும்.

சிறுகிளையைக் கணுவுக்கு மேலே ஒட்ட வெட்டாதீர்கள். அரை விரல் கட்டையை விடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து மரம் சற்று உள்ளே காயும். ஒட்ட வெட்டினால் நீங்கள் காப்பாற்ற நினைத்த மொட்டும் சேர்ந்து போய்விடும். காய்ந்த கட்டையை அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தத்தில் முதல் நவம்பரில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

பட்டைமேல் பாசி படர்ந்திருந்தால் பழைய பல்துலக்கியும் தண்ணீரும் போதும். ட்ரைடென்ட் மேப்பிளின் முதிர்ந்த பட்டை செதில் செதிலாக உரிவது. அழுத்தித் தேய்த்து அதையும் பெயர்த்துவிடாதீர்கள், வயதைக் காட்டுவதே அதுதான்.

குளிர்காலத்தில் இந்த மரத்தின் வேரைக் கவனிக்க வேண்டும். ட்ரைடென்ட் மேப்பிளின் வேர் சதைப்பற்றானது, நீர் தேக்கி வைப்பது. தரையில் இருந்தால் கவலையில்லை. தொட்டிக்குள் உறைந்தால் வேர் கூழாகிவிடும். மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் வெப்பமூட்டாத கொட்டகைக்குள் வைத்துவிடுங்கள். இலை இல்லாததால் வெளிச்சம் வேண்டாம், ஆனால் மண் முழுக்கக் காயவும் கூடாது.

மார்ச்: வேர்

மொட்டுகள் உப்பி நுனியில் பச்சையோ சிவப்போ எட்டிப் பார்க்கும், ஆனால் இலை விரிந்திருக்காது. அந்த இரண்டு மூன்று வாரம்தான் தொட்டி மாற்றும் காலம். இலை விரிந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

முந்தைய நாளே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மண், தொட்டி, ஓட்டைக்கு வலை, கட்டக் கம்பி, வேர் கிளறும் கொக்கி, பழைய கத்தரி (மண் பட்டால் நல்ல கத்தரியின் கூர் போய்விடும்), தெளிப்பான். வேர் வெளியே வந்த பிறகு கடைக்கு ஓட முடியாது.

மண் என்று சொன்னாலும் தோட்டத்து மண் கூடாது. வழக்கமான கலவை ஆக்கதாமா பாதி, நுரைக்கல் கால், எரிமலைக்கல் கால். ஆக்கதாமா என்பது ஜப்பானில் தோண்டியெடுக்கும் எரிமலைக் களிமண் குருணை. நீரைப் பிடித்து வைக்கும், குருணைகளுக்கு நடுவே காற்றும் ஓடும். உறைபனி உள்ள ஊரில் சில வருடத்தில் நொறுங்கிக் களியாகும், அப்போது மாற்ற வேண்டியதுதான். விலை கைகடிக்கும் என்றால் தேறும் காலத்துக்கு நுரைக்கல்லும் சலித்த பட்டைத்தூளும் கலந்து ஓட்டலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது. எதுவானாலும் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரையான குருணையை வைத்துக்கொண்டு தூசியைச் சலித்து வீசிவிடுங்கள். அடியில் தங்கும் தூசிதான் வடிகாலை அடைக்கிறது.

தொட்டியிலிருந்து மரத்தை எடுத்தால் வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்தது போல இருக்கும். கொக்கியால் வெளிப்பக்கத்திலிருந்து அடிமரத்தை நோக்கி இழுக்காமல், அடிமரத்திலிருந்து வெளிப்புறமாகச் சீவுங்கள், சிக்கெடுப்பது போல. முதலில் அடிப்பக்கம். நேராகக் கீழே இறங்கும் தடித்த வேர்கள் போன்சாய்க்கு எதற்கும் உதவாது, அவற்றை ஒட்ட வெட்டலாம். பக்கவாட்டில் சுற்றிலும் ஓடும் வேர்களும் அவற்றின் நுனியில் இருக்கும் சல்லிவேர்களும்தான் சொத்து. சல்லிவேரே இல்லாத தடித்த வேராக இருந்தால், அதற்குப் பதில் வேலை செய்ய வேறு வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மேற்பக்கத்தைச் சுரண்டினால் அடிமரம் மண்ணோடு சேரும் இடம் தெரியவரும். ஜப்பானியர்கள் நெபாரி என்பார்கள்; கோயில் குளக்கரை ஆலமரத்தின் அடி விரிந்து தரையைப் பிடித்திருக்குமே, அந்தத் தோற்றம். கைவிடப்பட்ட மரங்களில் நல்ல நெபாரி பல நேரம் இரண்டு அங்குல மண்ணுக்கடியில் புதைந்திருக்கும். இங்கேதான் ஒரு வேர் இன்னொரு வேரின் மேலோ அடிமரத்தைச் சுற்றியோ கயிறு போட்டது மாதிரி இறுக்கியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். நான் ஒன்றைப் பார்க்காமல் விட்டு, மூன்று வருடம் கழித்து அது அடிமரத்தில் பதிந்த வடுவோடு கண்டுபிடித்தேன்.

எவ்வளவு வெட்டலாம்? நலமான ட்ரைடென்ட் பாதி வேர் போனாலும் கவலைப்படாது. தேறிக்கொண்டிருக்கும் மரத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். பழைய களிமண்ணையும் ஒரேயடியாகக் கழுவ வேண்டாம். இந்த முறை பாதி வட்டம், இரண்டு வருடம் கழித்து மறுபாதி. இந்த மார்ச்சில் கிளையில் கை வைக்காதீர்கள்.

புதுத் தொட்டி அழகான ஆழமில்லாத மெருகுத் தொட்டியாக இருக்க வேண்டியதில்லை. மரப்பெட்டியோ வலைக்கூடையோ போதும், தேறும் மரத்துக்கு இடம்தான் வேண்டும். அடியிலிருந்து வரும் கம்பியால் வேர்க்கட்டியை இறுகக் கட்டுங்கள். மரத்தைப் பிடித்து ஆட்டினால் பெட்டியே சேர்ந்து ஆட வேண்டும், ஏனென்றால் காற்றில் ஆடும் மரத்தில் புதுச் சல்லிவேர் நுனி அறுந்துகொண்டே இருக்கும். குருணையைக் குச்சியால் குத்திக் குத்தி வேருக்கிடையே இறக்குங்கள்; உள்ளே வெற்றிடம் இருந்தால் அங்கே வேர் காயும். பிறகு அடியில் தெளிந்த நீர் வரும் வரை ஊற்றுங்கள்.

அந்தப் பெரியவரின் மரத்தில் வேருக்கடியில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு கிடைத்தது. பென்சிலில் 1987 என்று எழுதியிருந்தார். பேனா மை இரண்டு வருடத்தில் அழிந்துபோகும், பென்சில் கரி அழிவதில்லை. தொட்டி மாற்றும் தேதியை நீங்களும் அப்படி எழுதிப் புதைத்துவிடுங்கள்.

அடுத்த ஐந்தாறு வாரம் உரம் கிடையாது, புதுவேருக்கு உறைபனியும் ஆகாது. இரவில் பனி வரும் என்றால் உள்ளே, பகலில் வெளியே.

ஜூன்: பெரிய வெட்டு

மே கடைசியில் முதல் தளிர் முற்றி இலை தோல்போல விறைக்கும். மரம் செலவழித்ததை மீட்டுவிட்டது என்று அர்த்தம். கட்டைவிரல் பருமனுள்ள உச்சிக்கொப்பை, அடிமரத்திலிருந்து தவறான இடத்தில் கிளம்பிய தடித்த கிளையை எடுக்க இதுதான் சமயம். சாறு சொட்டாது, மரம் முழுவேகத்தில் வளர்வதால் காயத்தின் விளிம்பு உடனே உருண்டு மூடத் தொடங்கும். நவம்பரில் அதே காயம் போட்டால் ஐந்து மாதம் ஈரத்தில் திறந்து கிடக்கும், பவளப்புள்ளிக்கு விருந்து.

ஆனால் மார்ச்சில் வேர் வெட்டிய மரம் மே முழுக்கச் சுறுசுறுப்பாகத் தழைத்திருந்தால்தான் இந்த ஜூன். சோம்பிக் கிடந்தால் அடுத்த ஜூன்.

ரம்பத்தால் ஒரு கட்டை விட்டு அறுத்துவிட்டு, கான்கேவ் கட்டர் என்ற குழிவாக வெட்டும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து, காயத்தைச் சுற்றியுள்ள பட்டையைவிட நடுப்பகுதி சற்றுக் குழியாக இருக்கும்படி செய்யுங்கள். சமமாக விட்டால் மூடிவரும் தசை மேலே மேடாகிப் புடைக்கும். விளிம்பைப் புதுச் சவரக் கத்தியால் ஒருமுறை சீவிவிட்டுக் காயப்பசை பூசுங்கள். இந்த ஒரு கத்தரிக்கு மட்டும் காசு செலவழிக்கலாம். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்து ஓட்டிவிடலாம்.

உச்சியை வெட்டினால் பழைய கட்டையிலிருந்தும் ஈர்க்கு ஈர்க்காகத் தளிர் கிளம்பும். ட்ரைடென்ட் மேப்பிளுக்கும் சீன எல்முக்கும் இந்தத் தாராள குணம் உண்டு. தேவையான இடத்தில் வந்ததை விட்டு மற்றதை விரலாலேயே உரித்துவிடுங்கள். உச்சித் தளிர்கள் ஆறேழு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் குறையுங்கள். கீழே கை வைக்காதீர்கள்.

கம்பி சுற்றுவது தனிப் பாடம். இப்போதைக்கு இவ்வளவு போதும்: அலுமினியக் கம்பி, கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு, சுற்றியபின் வாரம் ஒருமுறை பாருங்கள். இந்த மரம் கோடையில் நான்கைந்து வாரத்தில் கம்பியை விழுங்கிவிடும். சுற்றிக் கழற்றாதீர்கள், துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

கிளை இல்லாத இடத்தில் கிளை

கீழே பட்டுப்போன கிளைக்குப் பதில் தளிர் வரவே இல்லை என்றால் அதே மரத்தின் நீண்ட தண்டு ஒன்றையே ஊசியில் நூல் கோப்பது போல அடிமரத்துக்குள் கோத்துவிடலாம். முதல்முறை கேட்டபோது நான் நம்பவில்லை.

முந்தைய கோடையில் வளர்ந்த, வளைந்து கொடுக்கும் தண்டாகத் தேர்ந்தெடுங்கள். மார்ச் தொடக்கத்தில், மொட்டு உப்புவதற்கு முன், கிளை வேண்டிய இடத்தில் அடிமரத்தின் குறுக்கே துளை போடுங்கள். மொட்டு நசுங்காமல் தண்டு நுழையும் அளவு அகலம் போதும். தண்டை வளைத்து நுழைத்து, மறுபக்கம் வெளியே வந்ததும் ஒரு ஜோடி மொட்டு அடிமரத்தை ஒட்டி நிற்கும்படி இழுத்து, இரு பக்கமும் பசையால் அடைத்துவிடுங்கள். பிறகு அதை மறந்துவிட வேண்டும். தண்டு கோடையில் பருத்துத் துளையை நிரப்பி அடிமரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்த பகுதி உள்ளே போகும் பகுதியைவிடத் தடிமனானால் அது அடிமரத்திலிருந்தே நீர் எடுக்கிறது. அப்போது நுழையும் பக்கத்தைப் பாதி நறுக்கி, சில வாரம் கழித்து முழுவதும் அறுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கோடையில் இது நடக்கும். அவசரப்பட்டு முதல் செப்டம்பரிலேயே அறுத்து நான் ஒன்றை இழந்தேன்.

அதன் பிறகு

மூன்றாம் வருடம் உருவம் பிடிபட்டு மரமும் வலுவாக இருந்தால் நுணுக்க வேலை தொடங்கலாம். ஏப்ரலில் முதல் ஜோடி இலை விரியும்போது நடுவிலிருக்கும் கொழுந்தை இடுக்கியால் கிள்ளினால் கணுக்களுக்கு இடையே தூரம் குறையும். ஜூனில் இலைகளைக் காம்பு விட்டு நறுக்கினால் சிறிய இலையோடு இரண்டாம் தளிர் வரும், கிளையும் இரட்டிக்கும். வேர் வெட்டிய வருடத்தில் இலை நறுக்காதீர்கள், வலுவில்லாத மரத்தில் எந்த வருடமும் வேண்டாம். காணொளிகளில் முதலில் காட்டுவது இதைத்தான், அதனால் எல்லோரும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

உங்கள் கையில் கிடைத்தது வேறு மரமாக இருந்தால் சில மாற்றங்கள். சீன எல்ம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும், மேலே சொன்ன கெடுவை வேகப்படுத்தலாம். ஜப்பானிய மேப்பிள் பழைய கட்டையில் அவ்வளவு எளிதாகத் துளிர்க்காது, பெரிய வெட்டுக்கு அஞ்சும், மெதுவாகப் போங்கள். பீச் பழைய கட்டையில் துளிர்ப்பது அரிது, மொட்டோ இலையோ இல்லாத இடம் வரை அதை வெட்டாதீர்கள். செர்ரி, பிளம் வகைகளைக் குளிர்காலத்தில் வெட்டினால் வெள்ளியிலை நோய் காயம் வழியாக நுழையும், கோடையில் மட்டும்.

சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் மேப்பிள் பற்றிக் கேட்பவர்களுக்கு: சமவெளியில் வேண்டாம், தூங்கக் குளிர் கிடையாது. சீன எல்ம் சூடான ஊரில் இலையை முழுக்க உதிர்க்காமலே பிழைத்துக்கொள்ளும். நம்மூர் இலையுதிர் மரமே வேண்டுமென்றால் கட்டடச் சுவரிலும் கிணற்று விளிம்பிலும் முளைத்துக் குள்ளமாகிக் கிடக்கும் அரசங்கன்றையோ வேலிக் கிளுவையையோ எடுங்கள். வரிசை இதேதான், நாள்காட்டி மட்டும் மாறும். அரசு மாசி, பங்குனி வாக்கில் இலை உதிர்த்துச் செம்புநிறக் கொழுந்து விடப்போகும் அந்த இடைவெளிதான் அதன் மார்ச் மாதம், வேர் வேலை அப்போது. கிளையை வெட்டினால் பால் வடியும். தண்ணீர் தெளித்துத் துடைத்து, பால் நின்ற பிறகு மாந்தோப்பில் கவாத்துக் காயத்துக்குப் பூசும் போர்டோ பசையையே பூசலாம்.